சொட்டு அண்ணன் மூக்குக்கு ஒரு மாஸ்க்

சொட்டு அண்ணனுக்கு அந்தப் பெயரை வாங்கிக் கொடுத்தது கிளாண்ட். பம்பின் சுழலும் தண்டு உறையை விட்டு வெளியே வருகிற இடத்தில் கயிறு மாதிரி பேக்கிங்கைச் சுற்றி, இரண்டு நட்டுப் போட்டு இறுக்குவார்கள். அந்த இடத்துக்குத்தான் கிளாண்ட் என்று பெயர். தளர்வாக விட்டால் தண்ணீர் பீய்ச்சும். ஒரேயடியாக இறுக்கிவிட்டால் தண்டு காய்ந்து, சூடேறி, புகைய ஆரம்பித்துவிடும். நிமிடத்துக்கு நாற்பது சொட்டு ஒழுக வேண்டும் என்பது அவருடைய கணக்கு. கைக்கடிகாரமும் கையுமாகப் பம்பின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, "முப்பத்தெட்டு. ரெண்டு கொறையுது" என்று ஸ்பேனரை எடுப்பார். இருபத்தாறு வருடமாக அந்த நீரேற்று நிலையத்தில் யாரும் அவரைச் சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. சம்பளச் சீட்டில் மட்டும் அந்தப் பெயர் இருக்கிறது.

அப்படிப்பட்ட மனிதர் ஒருநாள் பட்டப்பகலில், இரண்டாம் நம்பர் பம்புக்கு எதிரே, இரும்பு நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனார். கண்ணயர்ந்தார் என்று சொல்லி மழுப்ப வழியில்லை. வாயைப் பிளந்துகொண்டு, பம்பின் சத்தத்தையும் மீறிக் குறட்டை விட்டுத் தூங்கினார். கிளாண்டில் சொட்டு நின்றது, பேக்கிங் கருகியது, புகை கிளம்பியது, தண்டில் வரிவரியாகக் கீறல் விழுந்தது. கடைசியில் அவரை உலுக்கி எழுப்பியவர் இன்ஜினியர் மேடம். பாதி ஊருக்கு இரண்டு நாள் குழாயில் காற்றுதான் வந்தது.

மேடம் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலாம் என்று பிறகு சொட்டு அண்ணன் தன் மனைவியிடம் சொன்னார். "உடம்புக்கு என்னன்னு பாருங்க. அதுவரைக்கும் கேட்டுல உக்காருங்க" என்றார் மேடம், அவ்வளவுதான். மறுநாள் முதல் சொட்டு அண்ணன் வாசல் கூண்டில் உட்கார்ந்து, உள்ளே வருகிற வண்டிகளின் நம்பரை நோட்டில் எழுதினார். ஒரு நாளைக்கு நான்கு வண்டி வந்தால் அதிகம். உள்ளேயிருந்து வருகிற இரைச்சலை வைத்தே எந்த பம்ப் எப்படி ஓடுகிறது என்று அவருக்குத் தெரியும். தெரிந்து என்ன பயன்? ஸ்பேனர் வேறு யார் கையிலோ இருந்தது.

தூக்க டாக்டர் ஓர் இரவு முழுக்க உடம்பெல்லாம் ஒயரை ஒட்டிப் படுக்கவைத்துவிட்டு, காலையில் விஷயத்தைச் சொன்னார். தூங்கும்போது தொண்டை மூடிக்கொள்கிறது. மணிக்கு நாற்பத்து மூன்று முறை மூச்சு நிற்கிறது. ஒவ்வொரு முறையும் மூளை பதறி எழுப்பிவிடுகிறது. ஆள் படுக்கையில் கிடக்கிறாரே தவிர, தூங்குவதே இல்லை. சிபாப் என்ற மிஷின் ராத்திரி முழுக்க மாஸ்க் வழியாகக் காற்றை ஊதிக்கொண்டிருந்தால் தொண்டை திறந்தே இருக்கும்.

"இருவது வருஷமா நான் சொன்னேன், மூச்சு நிக்குதுன்னு. சாப்பிட்டது செரிக்கலம்பீங்க. இப்ப நம்பரப் போட்டுக் குடுத்தாத்தான் நம்பிக்கை வருது" என்றாள் மனைவி. அவள் ஒரு செருப்புக் கடையில் விற்பனையாளராகப் பத்தொன்பது வருடம் நின்றவள். யார் என்ன சாக்குச் சொன்னாலும் அவளிடம் செல்லாது.

இன்ஜினியர் மேடம் டாக்டரின் சீட்டைப் படித்துவிட்டு நிபந்தனையைச் சொன்னார். "மொத்தம் முப்பது ராத்திரி. ராத்திரிக்கு நாலு மணி நேரமாவது மிஷின் போட்டுத் தூங்கினீங்கன்னு டாக்டர் எழுதிக் குடுக்கணும். அதுக்கப்புறம் என் கண்ணு முன்னாடி ஒரு முழு ஷிஃப்ட். அடுத்த மாசக் கடைசி வரைக்கும் உங்க எடத்த காலியா வெச்சிருப்பேன். அதுக்கு மேல என் கையில இல்ல."

கையில் இருந்தது எட்டு வாரம். முப்பது ராத்திரி என்ன பெரிய விஷயம், தூங்குவதற்குக் கூடவா ஒரு மனிதனுக்குப் பயிற்சி வேண்டும் என்று சொட்டு அண்ணன் நினைத்தார். வாயைத் திறந்து சொல்லவும் செய்தார். மனைவி பாத்திரத்தைத் துலக்கினாள்.

ஆஸ்பத்திரிக்கு எதிரே இருந்த கருவிக் கடையில் மாஸ்க்கைக் கொடுத்தார்கள். கடைக்காரர் முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒல்லி மனிதர். நாற்காலியில் உட்காரவைத்து, மூக்கையும் வாயையும் சேர்த்து மூடும் பெரிய மாஸ்க் ஒன்றை வைத்துப் பார்த்து, "கச்சிதமா இருக்கு சார்" என்று பையில் போட்டுக் கொடுத்தார்.

கச்சிதமாவது ஒன்றாவது. படுத்த பத்தாவது நிமிடத்தில் இடது கண்ணுக்குள் காற்று அடித்தது. ஓரத்தில் புஸ்ஸென்று ஒரு சத்தம். லீக் என்றால் சொட்டு அண்ணனுக்கு உடம்பெல்லாம் அரிக்கும். விருந்தாளியாகப் போன வீட்டில்கூட ஒழுகுகிற குழாயைச் சரி செய்யாமல் சாப்பிட உட்கார மாட்டார். பட்டையை இறுக்கினார். சத்தம் இடம் மாறியது. இன்னும் இறுக்கினார். காலையில் மூக்கின் மேட்டில் செக்கச்செவேலென்று புண். மிஷினின் சிறிய திரையில் ஒரு மணி பத்து நிமிடம் என்று காட்டியது. பாதித் தூக்கத்தில் அவரே கழற்றி எறிந்திருக்கிறார். மறுநாள் ஐம்பது நிமிடம். அதற்கு மறுநாள் இரண்டு மணி நேரம், அதிலும் பாதி நேரம் மனைவியின் முகத்தில் காற்றை ஊதியிருக்கிறது. "எனக்கு ஒரு மாஸ்க் வாங்கிக் குடுத்துருங்க, அந்தக் காத்தாவது வீணாகாம இருக்கும்" என்றாள்.

இரண்டு வாரம் இப்படியே போனது. கணக்கில் ஏறிய ராத்திரி ஒன்றுகூட இல்லை. கேட்டுக் கூண்டில் அவர் நோட்டின் மேல் தலையை வைத்துத் தூங்கினார். வண்டி நம்பர் எழுத வேண்டிய பக்கத்தில் எச்சில் வழிந்திருந்தது. அதைக் கிழித்து ஒளித்துவைக்கும்போது அவருக்கே தன்மேல் அருவருப்பாக இருந்தது. ஐம்பத்திரண்டு வயதில், கைத்தொழில் கையிலேயே இருக்க, வாசலில் உட்கார்ந்து காலம் தள்ளிவிட்டு ஓய்வு பெற வேண்டியதுதானோ என்று பயந்தார். அந்தப் பயத்தை மட்டும் மனைவியிடம் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இதை ஒரு கை பார்த்துவிடுவது என்று முடிவு செய்தார். மனைவி கடைக்குப் போயிருந்தாள். சாப்பாட்டு மேஜையில் மிஷினை வைத்து, மாஸ்க்கை ஒரு வட்ட டப்பாவின் வாயில் அழுத்திக் கட்டி, காற்றைத் திறந்தார். பிறகு ஒரு கிண்ணத்தில் சோப்புத் தண்ணீரைக் கலக்கி, பிரஷால் மாஸ்க் முழுக்கத் தடவினார். காற்றுக் குழாயில் லீக் பார்க்க ஊரில் எல்லா மெக்கானிக்கும் செய்வதுதான். எங்கே நுரை பொங்குகிறதோ அங்கே ஓட்டை.

நுரை பொங்கியது! ஓரத்தில் அல்ல, மாஸ்க்கின் முன்பக்கம், குழாய் வந்து சேருகிற இடத்துக்குப் பக்கத்தில். துடைத்துவிட்டுக் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். ஊசிமுனை அளவில் வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு துளைகள். "அடப்பாவிகளா, புது மாஸ்க்லயே ஓட்டையா!" சைக்கிள் டியூபுக்கு ஒட்டுகிற ரப்பர் ஒட்டு வீட்டில் எப்போதும் இருக்கும். தேய்த்து, பசை தடவி, ஒட்டி, மேலே ஒரு சுற்று டேப்பும் போட்டார். மறுபடி சோப்பு. அந்த இடத்தில் ஒரு குமிழிகூட இல்லை. சொட்டு அண்ணன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

அன்று இரவு போட்டுக்கொண்டு படுத்தவர் அரைமணி நேரத்தில் மூச்சு முட்டி, வியர்த்துக் கொட்டி எழுந்து உட்கார்ந்தார். மாஸ்க்கைப் பிய்த்து எறிந்தார். காலையில் தலை வெடித்துவிடும் போல் வலித்தது. மனைவி மாஸ்க்கைக் கையில் எடுத்தாள், ஒட்டைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "எந்திரிங்க, கடைக்குப் போறோம். நானும் லீவு போட்டுட்டேன்."

கருவிக் கடைக்காரர் அந்த ஒட்டைப் பார்த்ததும் வெலவெலத்துப் போனார். "யார் சார் இத அடைச்சது?"

"நான்தான். ஓட்டையா குடுத்திருந்தீங்க. சரி பண்ணிட்டேன்."

"ஐயோ, அது ஓட்டை இல்ல சார். நீங்க வெளிய விடற மூச்சு போறதுக்காக வெச்ச வழி. அத அடைச்சா விட்ட மூச்சையே திரும்பத் திரும்ப இழுப்பீங்க. உயிருக்கே ஆபத்து. கொஞ்சம் ஒழுகினாத்தான் சார் இது வேலை செய்யும்."

சொட்டு அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. கொஞ்சம் ஒழுகினால்தான் வேலை செய்யும். இதையே இருபத்தாறு வருடமாக எத்தனை பேருக்குக் கத்திக் கத்திச் சொல்லியிருப்பார். கிளாண்டை முழுக்க இறுக்கியவர்களை என்னென்ன பேச்சுப் பேசியிருப்பார். அதே தப்பைத் தன் மூக்கின் மேலேயே செய்துவிட்டு வந்து நிற்கிறார். பம்ப் வீட்டு ஆட்கள் யாரும் பக்கத்தில் இல்லை என்பதுதான் ஒரே ஆறுதல். "தப்பு என் மேலதான் தம்பி" என்றார், தலையைக் குனிந்துகொண்டு. மனைவி அவரை அந்த வாக்கியம் சொல்லிக் கேட்பது அதுதான் முதல் தடவை. பிறகு பல நாள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

ஆனால் அங்கே சிரிக்கவில்லை. கடைக்காரர் அதே மாதிரியில் புதிய மாஸ்க்கை எடுத்து அவர் முகத்துக்குக் கொண்டுபோனபோது குறுக்கே கையை நீட்டினாள்.

"ஒரு நிமிஷம். இத உக்காந்துக்கிட்டே போட்டுப் பாத்தா எப்படிங்க? இவர் தூங்கறது படுத்துக்கிட்டு."

"எல்லாருக்கும் இப்படித்தான் மேடம் பாப்போம்."

"எங்க கடையில செருப்பு வாங்க வர்றவங்க உக்காந்தபடியே காலை நுழைச்சுப் பாத்துட்டு, 'சரியா இருக்கு, கட்டிக் குடுங்க'ம்பாங்க. நான் விட மாட்டேன். எந்திரிச்சு நின்னா பாதம் பரவும். நாலு எட்டு நடந்தா குதிகால் நழுவும். அப்பத்தான் சைஸ் தெரியும். படுத்தா இவர் கன்னமெல்லாம் காதுப் பக்கமா சரியும், நான் தினம் பாக்கறேன். காத்தையும் திறந்து விடுங்க, டாக்டர் எழுதின அளவுக்கு."

கடைக்காரர் அவர்களை உள்ளே கூட்டிப்போனார். உள்ளறையில் ஒரு கட்டில் இருந்தது. சொட்டு அண்ணன் அதில் உட்கார்ந்தார். அதே மாதிரியில் எடுத்த புதிய மாஸ்க்கை வைத்துக் காற்றைத் திறந்தார்கள். மிஷின் திரையில் உட்கார்ந்திருக்கும்போது பன்னிரண்டு காட்டிய லீக் அளவு, படுத்ததும் ஐம்பத்தெட்டுக்குத் தாவியது. இடது கண் படபடவென்று இமைத்தது. மனைவி குனிந்து, அவர் மூக்கைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடித்துப் பார்த்தாள். அவருக்கு இருபத்து நான்கு வயதில் பாரம் தூக்கும் செயின் பிளாக்கின் கொக்கி மூக்கில் அடித்து, எலும்பு இடது பக்கம் லேசாகப் பள்ளம் விழுந்திருந்தது. கல்யாணத்துக்கு முந்தைய சங்கதி. பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. தடவினால் தெரியும்.

"இதோ, இந்தப் பள்ளத்து வழியாத்தான் காத்து போகுது. மூக்கு மேட்டுல உக்கார்ற எதுவும் இவருக்கு ஆகாது. வேற காட்டுங்க."

கடைக்காரருக்கும் இப்போது சூடு பிடித்துவிட்டது. மூக்கை மட்டும் மூடுகிற ஒன்றைக் கொண்டுவந்தார். சொட்டு அண்ணன் வாய் தானாகத் திறந்துகொண்டது, உள்ளே போன காற்றெல்லாம் வாய் வழியாகப் புஸுபுஸுவென்று வந்தது. மூக்குத் துவாரங்களில் பொருந்துகிற சிறிய ரப்பர் குமிழ் மாதிரி ஒன்று வந்தது. அதற்கு ஏழு தும்மல். மூன்றாவது ஒன்று நெற்றியில் இடித்தது. பெட்டிகள் தரையில் குவிந்தன. மனைவி அலமாரியை ஏற இறங்கப் பார்த்தாள்.

"மேல் தட்டுல பிரிக்காம இருக்கே, அது என்ன?"

"அது அதிகமா போகாது மேடம்."

"போகாத சரக்க யாருக்காவது பொருத்திட்டா ரெண்டு பேருக்கும் நிம்மதிதான? எடுங்க, நடு சைஸ். அகலம் கூட இருக்கறது."

அந்த மாஸ்க் மூக்கின் மேட்டைத் தொடவே இல்லை. மூக்குக்கு அடியில் உட்கார்ந்து, வாயை மூடி, குழாயை உச்சந்தலை வழியாகக் கொண்டுபோனது. சொட்டு அண்ணனின் கை பழக்க தோஷத்தில் பட்டையை இழுக்கப் போனது. மனைவி அந்தக் கையைப் பிடித்துக் கட்டிலோடு வைத்துக்கொண்டாள். கடைக்காரர் பட்டைகளை எல்லாம் தளர்த்திவிட்டு, "மொதல்ல காத்து குஷன நிரப்பட்டும்" என்று காத்திருந்தார். மாஸ்க்கின் ஓரத்து ரப்பர் குஷன் உப்பி, கன்னத்தில் மெத்தென்று படிந்தது. பிறகு இந்தப் பக்கம் ஒரு விரற்கடை, அந்தப் பக்கம் ஒரு விரற்கடை. திரையில் எண் இறங்கியது. முப்பது. பதினேழு. ஒன்பது. நான்கு.

"ஒருக்களிச்சுப் படுங்க" என்றாள். படுத்தார். ஐந்து. "அந்தப் பக்கம்." நான்கு.

"எப்படி சார் இருக்கு?" என்று கேட்டார் கடைக்காரர். பதில் இல்லை. மறுபடி கேட்டார். மனைவி குனிந்து பார்த்தாள். சொட்டு அண்ணன் தூங்கிவிட்டார்.

வெளியே இரண்டு பேர் காத்திருந்தார்கள். கடைக்காரர் அவர் தோளைத் தொடப்போனார். "தொடாதீங்க!" என்று அவள் அதட்டிய அதட்டலில் வெளியே நின்றவர்களும் பின்வாங்கினார்கள். அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு, கட்டிலருகே உட்கார்ந்து, அவர் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏறியது, இறங்கியது. ஏறியது, இறங்கியது. குறட்டை இல்லை, நடுவில் அந்தப் பாழாய்ப்போன நிசப்தமும் இல்லை. இருபது வருடமாக மூச்சு நின்ற ஒவ்வொரு முறையும் திடுக்கிட்டு எழுந்து, இந்த முறை திரும்பி வருமோ வராதோ என்று தோளை உலுக்கியவள் அவள்தான். அதை அவள் யாரிடமும் விலாவாரியாகச் சொன்னதில்லை. இப்போது முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இதையே குடுங்க. இதே மாதிரி இன்னொரு குஷனும் எடுத்து வையுங்க" என்றாள்.

நாற்பது நிமிடம் கழித்து அவரே எழுந்தார். எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் கூரையைப் பார்த்தார். பிறகு மாஸ்க்கைக் கழற்றிவிட்டு அவர் சொன்ன முதல் வார்த்தை, "பசிக்குது."

அன்று முதல் கணக்கு ஏறியது. ஆறு மணி நேரம், ஆறரை, ஏழு. காலையில் எழுந்ததும் திரையைப் பார்த்து எண்ணை உரக்கப் படிப்பார். தேர்வு முடிவு வாசிக்கிற மாதிரி இருக்கும் என்பாள் மனைவி. நடுவில் ஒரு நாள் மின்சாரம் போய் ஒரு ராத்திரி கணக்கில் சேரவில்லை. சளி பிடித்து இரண்டு ராத்திரி போயிற்று. ஆனால் முப்பது முப்பதுதான். கேட்டில் ஒரு புதிய சங்கடம் வந்தது: பகலில் தூக்கமே வராததால் பொழுது போகவில்லை. கூண்டின் கதவுக்கீலில் எண்ணெய் விட்டார், கேட்டின் சக்கரத்தைக் கழற்றி மாட்டினார், வண்டி ஓட்டி வந்தவர்களின் டயரில் காற்று குறைவு என்று வலியப் போய்ச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டார்.

டாக்டர் கடிதம் கொடுத்தபோது கெடு முடிய மூன்று நாள் பாக்கி இருந்தது. மணிக்கு நாற்பத்து மூன்று என்பது இரண்டாகக் குறைந்திருந்தது.

முழு ஷிஃப்ட் சோதனை காலை எட்டு மணிக்குத் தொடங்கியது. முதல் நாள் மாலை பிரதான குழாய் வெடித்து, இன்ஜினியர் மேடம் விடிய விடியச் சேற்றில் நின்றுவிட்டு நேரே வந்திருந்தார். தள்ளிப்போடலாமே என்று சொட்டு அண்ணன் சொன்னதற்கு, "சொன்ன தேதின்னா சொன்ன தேதி" என்று படிவத்தை எடுத்துக்கொண்டு இரும்பு நாற்காலியில் அமர்ந்தார். சொட்டு அண்ணன் மூன்று பம்புகளுக்கும் நடுவே நடந்தார். தண்டைத் தாங்கும் பேரிங்கில் கை வைத்துச் சூடு பார்த்தார், மீட்டரைப் படித்தார், சொட்டை எண்ணினார். மதியச் சாப்பாடு முடிந்தது. கூரைத் தகடு காய்ந்தது. மூன்று பம்பும் சேர்ந்து ஒரே சுருதியில் முனகிக்கொண்டிருந்தன. அந்த நேரத்தில்தான் முன்பெல்லாம் அவர் கண் சொருகும். இப்போது தலைக்குள் கழுவிவிட்ட மாதிரி இருந்தது. இரண்டரை மணிக்கு மூன்றாம் நம்பரின் சத்தத்தில் ஏதோ ஒட்டவில்லை என்று தோன்றியது. போய்ப் பார்த்தால் நிமிடத்துக்கு இருபது சொட்டு. நட்டைக் கால் சுற்றுத் தளர்த்தினார். நாற்பது.

"மேடம், மூணாம் நம்பர்..." என்று திரும்பினார்.

மேடம் தூங்கிக்கொண்டிருந்தார். தலை ஒரு பக்கம் சாய்ந்து, பேனா மடியில் கிடந்தது. சொட்டு அண்ணன் ஒரு கணம் நின்றார். மனதுக்குள் ஒரு குறும்பு எட்டிப் பார்த்ததென்னவோ உண்மை. ஆனால் அந்தக் களைப்பு எப்படிப்பட்டது என்று அந்தக் கட்டிடத்தில் அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்? மேஜை விசிறியை மெல்ல அவர் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, மறுபடி பம்புகளுக்கு நடுவே போனார்.

மேடம் விழித்தபோது மணி மூன்றே கால். தூக்கிவாரிப்போட்டு எழுந்து முதலில் பம்புகளைப் பார்த்தார், பிறகு அவரை. "எவ்வளவு நேரம்?"

"நாப்பத்தஞ்சு நிமிஷம் மேடம். மூணும் நல்லா ஓடுது. மூணாம் நம்பர் கிளாண்ட கொஞ்சம் லூஸ் பண்ணேன்."

மேடம் கிளாண்டருகே போய்க் குனிந்து, கடிகாரத்தைப் பார்த்துச் சொட்டை எண்ணினார். நிமிர்ந்து படிவத்தை எடுத்தார். பணியின்போது தூங்கினாரா என்ற கேள்விக்கு எதிரே 'இல்லை' என்று எழுதினார். பேனா அங்கேயே நின்றது.

"நான் தூங்கினதையும் எழுதணுமில்ல?"

"உங்களுக்கு அந்தப் படிவத்துல கட்டமே இல்ல மேடம்."

மேடம் வாய்விட்டுச் சிரித்தார். இந்த இரண்டு மாதத்தில் சொட்டு அண்ணன் முகத்தைப் பார்த்து யாரும் அப்படிச் சிரித்ததில்லை. கையெழுத்தைப் போட்டு, பெரிய ஸ்பேனரை மேஜையிலிருந்து எடுத்து அவர் கையில் கொடுத்தார். "போதும், வீட்டுக்குப் போய்ச் சொல்லுங்க. நாளைலேருந்து உங்க ஷிஃப்ட்."

 சொட்டு அண்ணனுக்கு ஓடிப்போய் மனைவியிடம் சொல்ல வேண்டும் என்று துடித்தது. ஸ்பேனரைத் தோளில் சாய்த்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தார்.

"நாலு மணிக்குத்தான மேடம் ஷிஃப்ட் முடியுது? இன்னும் நாப்பது நிமிஷம் இருக்கு" என்றார். "நீங்க வேணா வீட்டுக்குப் போய்ப் படுங்க. நான் முழிச்சுத்தான் இருக்கேன்."